கூட்டத்துக்குப் போங்கள் டீச்சர், புலப்படத்தை எடுத்துக்கொண்டு போங்கள்

கேள்வி: ஐயா, நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. எங்கள் ஊர் ஒரு மாநகராட்சி எல்லையிலிருந்து பதினோரு கிலோமீட்டர். நகரத்துக்குள் நெரிசல் தாங்க முடியவில்லை. போன வருடம் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸில் கொண்டு போனபோது, லாரிகளுக்கு நடுவில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். அதனால் ரிங் ரோடே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது எங்கள் மூன்றரை ஏக்கரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது, கிணறு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஊரில் பாதிப் பேர், "எல்லாம் முடிவு பண்ணியாச்சு, போய் என்ன ஆகப் போகிறது" என்கிறார்கள். மீதிப் பேர், "அங்கே கையெழுத்துப் போட்டால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்" என்கிறார்கள். என் கொழுந்தனார், "வாயைத் திறக்காதீங்க அண்ணி, ரோடு வந்தால் ரேட் ஏறும்" என்கிறார். நான் போகவா, வேண்டாமா? போனால் என்ன பேச வேண்டும்? ஊர் பெயரையும் நகரத்தின் பெயரையும் போட வேண்டாம்.

பதில்: வணக்கம் டீச்சர். போங்கள். கட்டாயம் போங்கள், உங்கள் கணவருக்கு உடம்பு முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதலில் அந்தக் கையெழுத்துப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பல ஊர்களில் நல்ல விவரம் தெரிந்தவர்கள் கூட இதற்குப் பயந்து வாசலோடு திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் இது 2006-ம் வருடத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கூட்டம். அந்த அறிவிக்கையிலேயே, வந்தவர்களின் வருகையைக் குறித்து நடவடிக்கைக் குறிப்போடு இணைக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரிதான் அது, வந்தீர்கள் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாது. இருந்தாலும் தாளின் மேலே என்ன தலைப்பு என்று படித்துவிட்டுப் போடுங்கள். தலைப்பே இல்லாத வெள்ளைத் தாளை நீட்டினால் பெயருக்குப் பக்கத்தில் "வருகைக்கு மட்டும்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், யாரும் தடுக்க முடியாது. இதற்கு எதிர்ப்பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு அந்த அறிவிக்கையில் கிடையாது. ஊரே புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாற்காலிகள் காலியாக இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு, அதுவும் "ஆட்சேபனை ஏதும் இல்லை" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

"எல்லாம் முடிவு பண்ணியாச்சு" என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைத்து உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நகரத்தைச் சுற்றி ஒரு சாலை வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் எடுத்தாகிவிட்டது. நிலம் எடுக்க உங்கள் சம்மதம் சட்டப்படி தேவையும் இல்லை. 2013-ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது நிலம் எடுப்பதால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராய்வது, என்று ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஆனால் 1956-ம் வருடத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி எடுக்கும் நிலத்துக்கும், 2001-ம் வருடத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி எடுக்கும் நிலத்துக்கும் அது பொருந்தாது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும்தான் புதுச் சட்டத்தின்படி. தமிழ்நாட்டுச் சட்டத்துக்குக் கொடுத்த விலக்கை 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அரசு மறுபடி ஒரு சட்டம் கொண்டுவந்தது, அதை 2021-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, "நாங்கள் சம்மதிக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அந்த வார்த்தை எந்தக் கோப்பிலும் எடை பிடிக்காது.

முடிவாகாதவை வேறு நிறைய இருக்கின்றன. சாலை எந்தச் சர்வே எண் வழியாகப் போகிறது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு அகலத்தில் பாலம், எந்த இடத்தில் அடியில் வழி, அந்த வழி எவ்வளவு உயரம், சர்வீஸ் ரோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது... இவையெல்லாம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கின்றன, அதுவும் மாற்றக்கூடிய காகிதத்தில். உங்கள் பிழைப்பை முடிவு செய்வது இவைதான்.

நான் இருபத்தாறு வருடம் சாலைத் திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலையில் இருந்தவன். ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு மாவட்டத் தலைநகரைச் சுற்றிப் புறவழிச்சாலை. நாங்கள் சர்வே எடுத்தது ஏப்ரல், மே மாதம். ஓர் இடத்தில் வாய்க்காலுக்கான தடம் கூட இல்லை, சீமைக்கருவேலமும் வெடித்த மண்ணும்தான். கூட்டம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர், துண்டை இடுப்பில் கட்டியிருந்தார், என் முழங்கையைப் பிடித்து, "தம்பி, ஐப்பசியில மேல ஏரி கலிங்கு ஓடுச்சுன்னா தண்ணி இப்படியே குறுக்கத்தான் வரும், நீங்க கரை மாதிரி மண்ணக் கொட்டிட்டா அது எங்க போகும்?" என்று கேட்டார். பார்த்துக்கொள்கிறோம் ஐயா என்றேன். நோட்டில் எழுதியும் வைத்தேன். ஆபீஸில் சொன்னபோது, வரைபடத்தில் ஓடை இல்லை, கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பிலும் இல்லை, எதை வைத்துச் செலவைக் கூட்டுவது என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. ஒரு மீட்டர் விட்டத்தில் ஒற்றைக் குழாய் ஒன்று வைத்தார்கள். சாலை திறந்து இரண்டாவது வருடம் நவம்பர் மழையில், சாலைக்கு மேற்கே இருந்த வயல்களில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. கதிர் வெளிவரும் நேரம். தகவல் தெரிந்து போய்ப் பார்த்தேன். குழாயின் வாயில் முள்ளும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தன, அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர், இந்தப் பக்கம் தரை காய்ந்து கிடந்தது. அந்தப் பெரியவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். திட்டவில்லை. "நான் சொன்னேனே தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் மனதை விட்டுப் போகாத வார்த்தை அது.

டீக்கடையில் சொன்ன உண்மை கணக்கில் வராது டீச்சர். மைக்கில் சொன்னதும், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கியதும்தான் வரும். இரண்டையும் செய்யுங்கள். அந்த அறிவிக்கையின்படி கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் தலைமை வகிக்க வேண்டும், வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மக்கள் எழுப்பிய விஷயங்களையும் அவற்றுக்குத் திட்டக்காரர் சொன்ன பதிலையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனியாகப் பட்டியல் போட்டு இணைக்க வேண்டும். இந்தப் பட்டியல்தான் உங்கள் ஆயுதம். சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் நிபுணர் குழு உங்கள் ஊருக்கு வராது, இந்தப் பட்டியலைத்தான் படிக்கும். "விவசாயம் பாதிக்கும்" என்று சொன்னால் அதற்கு "உரிய இழப்பீடு வழங்கப்படும்" என்ற பதில் தயாராக இருக்கும், அதோடு அந்த வரி முடிந்தது. "இந்தச் சர்வே எண்ணில் ஏரியின் உபரி நீர் குறுக்கே ஓடுகிறது, உங்கள் அறிக்கையின் வடிகால் அட்டவணையில் அந்த இடத்தில் பாலமே இல்லை, ஏன்?" என்று கேட்டால் ஒருவர் உட்கார்ந்து பதில் எழுதியாக வேண்டும்.

சரி, அந்த அறிக்கையை எங்கே பார்ப்பது? சாலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்திலும், ஊராட்சி ஒன்றியம் போன்ற உள்ளாட்சி அலுவலகத்திலும், மாவட்டத் தொழில் மையத்திலும் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். விளம்பரம் வந்து கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் இடைவெளி கொடுப்பதே இதைப் படிப்பதற்குத்தான். தமிழ்ச் சுருக்கம் பத்து இருபது பக்கம்தான் இருக்கும், அதோடு நின்றுவிடாதீர்கள், விஷயம் ஆங்கில அறிக்கையின் உள்ளேதான் கிடக்கும். எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. மாற்றுப் பாதைகள் பற்றிய அத்தியாயம், போக்குவரத்துக் கணக்கெடுப்பு, பாலங்கள் மதகுகளின் அட்டவணை, சாலை போகும் கோட்டின் வரைபடம். இந்த நாலையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் நிலத்துக்கும் சுற்றியுள்ள நிலங்களுக்கும் புலப்படம், அதாவது எல்லையும் அளவும் காட்டும் சர்வே வரைபடம், எடுத்து, சாலைக்காக நட்ட வண்ணம் அடித்த கல் எங்கெங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். வி.ஏ.ஓ.விடம் கேட்டு நீர்வழிப் புறம்போக்கு, அதாவது வாய்க்கால், ஓடை போகும் அரசு நிலம், எந்த எண்ணில் இருக்கிறது என்பதையும் அதே படத்தில் நீல நிறத்தில் போடுங்கள். கோடு நீலத்தை வெட்டும் இடம் ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு பாலமோ மதகோ இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான் இது, ஆனால் இதைச் செய்துகொண்டு கூட்டத்துக்கு வரும் ஒருவர் ஐந்நூறு பேர் கோஷம் போடுவதை விட அதிகம் சாதிப்பார். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

போக்குவரத்துக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆம்புலன்ஸ் விஷயம் இதில்தான் இருக்கிறது. அன்றைக்கு உங்கள் முன்னால் நின்ற லாரிகள் நகரத்தைக் கடந்து வேறு ஊருக்குப் போனவையா, இல்லை நகரத்துக்குள்ளேயே இருக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் சிமெண்ட் குடோனுக்கும் வந்தவையா? கடந்து போகிறவற்றை மட்டும்தான் புறவழிச்சாலை வெளியே எடுக்கும். உள்ளே வர வேண்டியவை வந்துகொண்டேதான் இருக்கும். நகரம் பெரிதாகப் பெரிதாகக் கடந்து போகும் வண்டிகளின் பங்கு குறையும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் வண்டி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்று ஓட்டுநரை நிறுத்திக் கேட்கும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. அந்த அட்டவணை அறிக்கையில் இருக்கிறதா, எந்த வருடத்தில் எடுத்தது, எந்த இடத்தில் நின்று எடுத்தார்கள் என்று கேளுங்கள். நீங்களே சின்னதாக ஒன்று எடுத்துப் பார்க்கலாம். கல்லூரி போகும் பிள்ளைகள் ஆறு பேர் போதும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு முதல் பத்து மணி வரை, நெடுஞ்சாலை நகரத்துக்குள் நுழையும் இடத்தில் மூன்று பேர், மறுபக்கம் வெளியேறும் இடத்தில் மூன்று பேர். ஒருவர் லாரியின் நம்பர் பிளேட்டில் கடைசி நாலு இலக்கத்தைச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் போட வேண்டும். இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நுழைந்த நூறில் எத்தனை எண் மறுபக்கம் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்தது என்று தெரிந்துவிடும். முழு ஆய்வுக்கு இது ஈடாகாது, ஆனால் கேள்வி கேட்க இது போதும். அறிக்கையில் இருக்கும் விகிதமும் உங்கள் நோட்டில் இருப்பதும் எட்டாத தூரத்தில் இருந்தால், மார்க்கெட்டையும் குடோன்களையும் வெளியே கொண்டுபோகும் திட்டம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அது நடக்காவிட்டால் அடுத்த ஆம்புலன்ஸும் அதே இடத்தில் நிற்கும்.

இன்னொன்று. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்களத்தூரிலிருந்து மாதவரம் பக்கம் வரை 32 கிலோமீட்டருக்கு ஒரு பைபாஸ். அதற்கும் வெளியே வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை. இப்போது அதற்கும் வெளியே எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலை. முதல் இரண்டும் நகரத்துக்கு வெளியே என்று சொல்லித்தான் போட்டவை, நகரம் நடந்துபோய் அவற்றைத் தொட்டுக்கொண்டது. லண்டனைச் சுற்றி எம்-25 சாலை 1986-ல் 188 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட முழு வட்டமாகத் திறந்து, சில வருடத்திலேயே அகலப்படுத்த வேண்டி வந்தது. புதுச் சாலை புதுப் போக்குவரத்தையும் கூட்டிக்கொண்டு வரும் என்று 1994-ல் அந்த நாட்டு அரசு அமைத்த ஆலோசனைக் குழுவே அறிக்கை கொடுத்தது. இதை வைத்துச் சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் மனைப் பிரிவு போட அனுமதி கொடுப்பதை நகர் ஊரமைப்புத் துறை எப்படிக் கட்டுப்படுத்தப் போகிறது என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்க வேண்டும் என்கிறேன். கேட்டு நான் பார்த்ததே இல்லை.

இப்போது உங்கள் மூன்றரை ஏக்கர். கிணறு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். இதில் உடனே கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, சாலைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் கொண்டுபோக, அதைச் செருகும் வெளிக்குழாயான உறைக்குழாயைச் சாலை கட்டும்போதே பதித்துவிட வேண்டும் என்று சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள். சாலை போட்ட பிறகு கேட்டால் அனுமதி, கட்டணம், வங்கி உத்தரவாதம் என்று அலைய வேண்டியிருக்கும். இரண்டு, அடியில் வழி. மனிதர்களும் மாடும் போவதற்கான வழி என்று உயரம் குறைவாக ஒரு பெட்டிப் பாலம் கட்டுவார்கள். படத்தில் பார்க்க அருமையாக இருக்கும், ஊரும் "வழி விட்டார்கள்" என்று திருப்தியாகிவிடும். நெல் அறுவடை இயந்திரம் அதில் நுழையாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் நுழையாது. ஒரு ஊரில் அறுவடை இயந்திரம் எதிரே தெரியும் வயலுக்குப் போக ஏழு கிலோமீட்டர் சுற்றிப் போனதைப் பார்த்தேன், வாடகை மணிக்கணக்கில் என்பதால் அந்தச் சுற்றுக்கும் விவசாயிதான் பணம் கொடுத்தார். பெரிய வண்டி போகும் வழிக்கு ஐந்தரை மீட்டர் உயரம் என்று தனி அளவு உண்டு. உங்கள் ஊரில் எந்தப் பாதையில் அறுவடை இயந்திரம் வருகிறது என்று ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும், வடிவமைப்பவருக்குத் தெரியாது. அந்தப் பாதையைக் காட்டி, இங்கே பெரிய வழி வேண்டும் என்று கேளுங்கள். வழியின் தரை வயல் மட்டத்தை விடத் தாழக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அது குளமாகிவிடும்.

எந்த வாதம் நிற்கும், எது நிற்காது என்று பார்க்க பெங்களூரு நல்ல பாடம். அங்கே எல்லை வட்டச் சாலைக்கு 2005-ல் முதல் அறிவிப்பு, 2007-ல் இறுதி அறிவிப்பு. அதற்குக் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதியை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, மதிப்பீட்டைப் புதிதாகச் செய்யச் சொன்னது. சாலை தேவையில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அறிக்கைக்கு அடிப்படையான தகவல் பழையது, பாதையில் காட்டு நிலமே இல்லை என்று முதலில் சொன்னது தவறு, பெட்ரோலியக் குழாய் போவதைச் சொல்லவில்லை, வெட்ட வேண்டிய மரம் 200 என்று தொடங்கிப் பதினாறாயிரத்துக்கு மேல் போனது. இந்த மாதிரிக் குறைகள்தான் அனுமதியைச் சாய்த்தன. ஆகவே உங்கள் அறிக்கையில் மரக் கணக்கைப் பாருங்கள். உங்கள் ஊர் எல்லைக்குள் எத்தனை தென்னை, எத்தனை பனை, எத்தனை புளி என்று ஊர்ப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். கிணறுகளை எண்ணுங்கள். எண்ணிக்கை பொய்யாக இருந்தால் ஆயிரம் வார்த்தை பேச வேண்டியதில்லை. நீண்ட சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டி அனுமதி பெறாமல் தப்பிப்பதை ஒரு உத்தியாகக் கையாளக் கூடாது என்றும், விழுப்புரம் நாகப்பட்டினம் சாலை வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகையால் இப்போது கூட்டம் நடத்துவது முழுச் சாலைக்கா, ஒரு பகுதிக்கா என்பதையும் கேட்டுவையுங்கள்.

கொழுந்தனார் சொல்வதற்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் கணக்கு தப்பு. சாலை ஓரத்து நிலம் என்றால் ரேட் ஏறும் என்பது பஸ் போகும் பழைய ரோட்டுக்குப் பொருந்தும். இது நான்கு வழிச் சாலை, நினைத்த இடத்தில் இறங்கி ஏற முடியாது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 2002-ம் வருடச் சட்டத்தின்படி வழி திறக்கவே அனுமதி வாங்க வேண்டும். ரேட் ஏறுவது சந்திப்புக்குப் பக்கத்தில், சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில். உங்கள் நிலம் அதில் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை வைத்து அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பெங்களூரில் 2005 அறிவிப்பில் மாட்டிய நிலங்களை வைத்திருந்தவர்கள் வீடும் கட்ட முடியாமல், விற்கவும் முடியாமல், பணமும் வராமல் வருடக்கணக்கில் தவித்தார்கள். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கு நிலத்தின் மதிப்பைப் போடும்போது அரசு வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் மூன்று வருடத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் பார்த்து எது அதிகமோ அதை எடுப்பார்கள், அதன்மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை உண்டு. நிலத்தைப் பிரித்ததால் மீதி நிலத்துக்கு வரும் நட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் கிணறு விஷயம் இதில்தான் வரும், யாரும் கேட்காமல் தானாக வராது. வாயைத் திறந்தால் இழப்பீடு குறையும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இந்தக் கூட்டத்தோடு முடிந்துவிட்டது என்றும் இருந்துவிடாதீர்கள். நிலத்துக்கான அறிவிப்பு தனியாக வரும். தேசிய நெடுஞ்சாலை என்றால், நிலம் எடுக்கப் போகிறோம் என்று சொல்லும் 3ஏ பிரிவு அறிவிப்பு அரசிதழில் வரும், இரண்டு பத்திரிகைகளில் சுருக்கம் வரும், அதில் ஒன்று தமிழ். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுத்தால் நேரில் விசாரிக்க வேண்டும், வக்கீல் மூலமும் பேசலாம். 22-ம் நாள் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் நோட்டீஸில் போட்டிருக்கும் கெடு. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதை நோட்டீஸின் முதல் பத்தியிலேயே போட்டிருப்பார்கள், அதை முதலில் வட்டமிடுங்கள். சென்னை சேலம் எட்டு வழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பில், நில அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, வேலை தொடங்குமுன் இருந்தால் போதும் என்றது. ஆனால் நிலம் முறைப்படி எடுக்கும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியதை ஏற்கவில்லை, உரிமையாளர் பெயருக்கே திரும்பப் போடச் சொன்ன உத்தரவு நின்றது. ஆகவே மாதம் ஒருமுறை உங்கள் பட்டாவை இணையத்தில் எடுத்துப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாளைக்குப் பணம் வாங்கும் நிலை வந்தால், "ஆட்சேபனையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்குங்கள்.

கிராம சபை ஒன்று கூட்டத்துக்கு முன்னால் வருகிறதா என்றும் பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் ஏதாவது நாள் கிட்டத்தில் இருந்தால் வாய்க்கால், அடிவழி, மயானப் பாதை இவற்றைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மயானப் பாதையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அப்புறம் நாலு வழிச் சாலையில் வண்டிகளை நிறுத்திப் பாடையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓட வேண்டியிருக்கிறது.

கூட்டத்து அன்று சீக்கிரம் போய் முன் வரிசையில் உட்காருங்கள். மனுவை இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மைக்கில் மூன்று நிமிடம் போதும், பெயர், ஊர், சர்வே எண், பிறகு மூன்று கேள்வி. வகுப்பில் பேசுவது மாதிரி நிதானமாகப் பேசுங்கள், உங்களுக்கு அது கைவந்த கலை. நீங்கள் சாலையை எதிர்க்கவில்லை என்பதையும் ஆம்புலன்ஸ் நின்றதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உண்மையும் அதுதானே, அதற்குப் பிறகு யாரும் உங்களை "வளர்ச்சிக்கு எதிரி" என்று ஒதுக்க முடியாது. பேசி முடித்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரமாகிக் கூட்டம் கலைந்துவிடும், பத்துப் பேர் கூட இருக்க மாட்டார்கள். நீங்கள் இருங்கள். உங்கள் வாய்க்கால், உங்கள் கிணறு, உங்கள் அடிவழி மூன்றும் வாசிப்பில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, விட்டுப்போயிருந்தால் அங்கேயே கையைத் தூக்குங்கள். பிறகு ஊராட்சி அலுவலகத்தில் அந்தக் குறிப்பை ஒட்டுவார்கள், அதையும் படம் எடுத்து வையுங்கள்.

மனுவை எழுதியதும், கொடுப்பதற்கு முன்னால், புலப்படத்தோடு எனக்கு ஒரு படி அனுப்புங்கள். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.